இணையவழி மோட்டார்ப் பந்தயம்: அதன் விதிகளும் ஓட்டுநர் ஒழுக்கமும்

மோட்டார்ப் பந்தயம் பெரும் பொருட்செலவும் உயிராபத்தும் நிறைந்ததொரு விளையாட்டு என்பது யாவரும் அறிந்ததே. அவ்விரண்டையும் நீக்கி, பந்தயத்தின் நுட்பத்தை மாத்திரம் வீட்டறையொன்றினுள் கொணர்ந்து நிறுத்திய புதுமையே இந்நாளிற் சிம் றேசிங் என வழங்கப்படுவது. மேசையிலே உண்மைச் சுக்கானை ஒத்த சுக்கானொன்றைப் பூட்டி, காலடியில் மிதிகளை அமைத்து, கணினித் திரையையே காரின் முன் கண்ணாடியாகக் கொண்டு ஓட்டும் பலர், இணையத்தின் வழியே ஒரே தடத்தில் ஒரே வேளையிற் கூடிப் பந்தயம் விடுகின்றனர். ஒருவர் இலண்டனில் இருப்பார். மற்றொருவர் ரொறன்ரோவில் இருப்பார். அவர்தம் கார்களோ ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒரே முடக்கினுள் நுழையும்.

இதனைச் சிறுவர் விளையாட்டென எண்ணி ஒதுக்குவோர் நம்மிடையே பலர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. அமெரிக்காவின் பப்பிறஸ் என்னும் நிறுவனம் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தைக் கணினியில் அமைத்து வெளியிட்டது 1989ஆம் ஆண்டிலாகும். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய டேவ் கேமர் பின்னர் ஜோன் ஹென்றி என்பாருடன் சேர்ந்து அமைத்த ஐறேசிங் என்னும் சேவை 2008இற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. உலகின் புகழ்பெற்ற தடங்களை லேசர் ஒளியால் அளந்து, நிலத்தின் மேடு பள்ளங்களையும் விடாது பதிந்து, அதிற் பந்தயம் நடத்துகின்றனர். மக்ஸ் வெர்ஸ்ரப்பன், லாண்டோ நொறிஸ் முதலிய உலகறிந்த ஓட்டுநர்களும் ஓய்வு வேளையில் இவ்வகைப் பந்தயங்களில் ஈடுபட்டோரே.

யாரும் எவரும் எவ்வேளையிலும் சேர்ந்து ஓடக்கூடிய திறந்த பந்தயங்கள் ஒருபுறமிருக்க, லீக் எனப்படும் போட்டிக் கழகங்களைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். இருபது முப்பது பேர் ஒன்று கூடி, கிழமைக்கொருமுறை குறித்த நாளிற் குறித்த தடத்திற் போட்டியிட்டு, எட்டுப் பத்துப் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தெரிவர். இதனை நடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர். விதிகளை வகுப்பவரும் அவரே, விசாரிப்பவரும் அவரே.

விதி ஏன் இத்துணை வேண்டும் எனின், காரணம் இப்பந்தயத்தின் இயல்பிலேயே உளது. உண்மைத் தடத்தில் ஓட்டுபவனைக் கட்டுப்படுத்துவன இரண்டு: உடல் நோகுமே என்ற அச்சம் ஒன்று; கார் உடைந்தாற் பணத்துக்கு எங்கே போவது என்ற கவலை மற்றொன்று. அவை இருந்தும் தவறுவோர் உண்டு. 1990இல் யப்பானின் சுசுக்காத் தடத்தில் முதல் முடக்கிலேயே அயர்ட்டன் செனா அலன் புறோஸ்ற் என்பவரின் காரை மோதி இருவரும் வெளியேறியதும், அதனைத் தாம் வேண்டுமென்றே செய்ததாகச் செனா மறு ஆண்டில் ஒப்புக்கொண்டதும் பந்தய வரலாற்றில் மறையா வடுக்கள். அச்சமிருந்த இடத்திலேயே இவ்வாறாயின், மோதினாற் கையிற் சுக்கான் சிறிது அதிர்வதன்றி வேறெத்துன்பமும் நேராத இடத்தில் என்னாகும்? ஒரு பொத்தானை அழுத்திய அளவில் கார் புத்தம் புதிதாகிவிடும். எனவே உண்மைத் தடத்தில் அச்சம் செய்யும் வேலையில் ஒரு பங்கை இங்கே விதி செய்யவேண்டும்; எஞ்சிய பங்கை ஓட்டுபவனின் பண்பு செய்யவேண்டும். நம் கல்லூரி மைதானத்திற் கிரிக்கெற் ஆடி வளர்ந்தோர்க்கு இது புதிதன்று. பந்து துடுப்பின் விளிம்பிற் பட்டதைத் தான் உணர்ந்த மாத்திரத்தே, மத்தியஸ்தரின் விரலை எதிர்பாராது நடந்து செல்லும் ஆட்டக்காரனை அவர்கள் கண்டிருப்பர்.

காரும் உடலும் சேதமுறாவிடினும் இழப்பே இல்லை என்பதற்கில்லை. இலண்டனில் மாரிகால ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பந்தயம் எனின், ரொறன்ரோவில் அது பிற்பகல் மூன்று மணி; சிட்னியில் திங்கள் காலை ஏழு மணி; இலங்கையிலோ நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணி. அக்கிழமை முழுவதும் மாலைதோறும் பயின்று, வீட்டார் உறங்கிய பின் விழித்திருந்து வந்த ஒருவனை, முதல் முடக்கிலேயே மற்றொருவன் அவசரத்தால் வெளியே தள்ளிவிட்டால் அவன் இழப்பது சிறிதன்று. இவ்வாறு இருமுறை மும்முறை நேர்ந்தால் அவன் மீண்டும் வாரான். லீக்குகள் பல அழிவது பணமின்மையாலன்று. நல்லவர்கள் ஓசையின்றி விலகிப் போவதாலேயே.

விதிகளை விளங்கிக்கொள்ளுமுன் இயந்திரத்தின் ஓர் இயல்பை அறிதல் இன்றியமையாதது. ஒவ்வொருவனது கணினியும் அவனவன் காரின் இயக்கத்தையே கணித்து, அதன் இடத்தையும் வேகத்தையும் சேர்வர் எனப்படும் நடுக்கணினிக்கு அனுப்புகின்றது. அது மற்றையோர்க்குப் பரப்புகின்றது. இச்செய்தி செல்லக் காலம் பிடிக்கும். கண்ணாடி நார்க் கம்பியில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றரே செல்லும். கொழும்புக்கும் இலண்டனுக்கும் நேர்த்தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். ஆகவே எத்துணைச் சிறந்த இணைப்பாயினும் செய்தி ஒருவழி செல்ல 43 மில்லிசெக்கனுக்குக் குறையாது. ரொறன்ரோவிலிருந்து சிட்னிக்கு எனின் 77 மில்லிசெக்கன் வேண்டும். கம்பி நேர்வழியிற் செல்லாமையாலும், இடையிடையே கருவிகள் குறுக்கிடுவதாலும் உண்மையிலாகும் தாமதம் இவற்றினும் மிகுதி.

100 மில்லிசெக்கன் என்பது கண்ணிமைப்பினும் குறைந்த பொழுதன்றோ எனலாம். மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு செக்கனில் 69 மீற்றர் கடக்கும். 100 மில்லிசெக்கனில் ஏழு மீற்றர். நாம் வீதியிற் காணும் சாதாரணக் காரின் நீளத்தினும் அது மிகுதி. இக்குறையை நிரப்பக் கணினி ஊகஞ் செய்கின்றது. எதிராளியின் கார் கடைசியாக எங்கிருந்தது, எத்திசையில் எவ்வேகத்தில் சென்றது என்பவற்றைக் கொண்டு, இப்போது எங்கிருக்கும் எனக் கணித்துத் திரையில் வரைகின்றது. நேர்த்தடத்தில் அவ்வூகம் பெரும்பாலும் பிழையாது. ஆனால் முன்செல்பவன் எதிர்பாராது பிறேக்கை மிதித்தாலும், திடீரெனப் பக்கம் திரும்பினாலும் ஊகம் பிழைத்துவிடும். பிழையைக் கணினி திருத்தும்போது அவன் கார் திரையிலே துள்ளிக் குதிப்பதுபோலத் தோன்றும். இதனால் ஒருவன் திரையில் இரு கார்களும் உரசியதாகவும், மற்றவன் திரையில் இடையே ஒரு முழ இடைவெளி இருந்ததாகவும் தோன்றக்கூடும். பின்னர் இருவரும் வாதிடுவர். இருவருள் எவரும் பொய்யுரைப்பவர் அல்லர். இவ்வுண்மையை அறியாது எழுந்த சண்டைகள் எண்ணில.

ஆதலின், உண்மைத் தடத்தில் விடும் இடைவெளியினும் சிறிது மிகுதியாக விட்டே இங்கு ஓட்டவேண்டும். கம்பியில்லா இணைப்பைத் தவிர்த்துக் கம்பி வழியே கணினியை இணைத்துக்கொள்வதும், பந்தய வேளையில் வீட்டிலுள்ள ஏனையோர் பெரும்படங்களை இறக்காதிருக்கச் சொல்லி வைப்பதும் ஓட்டுநரின் கடமைகளுள் அடங்கும். தாமதம் ஓர் எல்லையைக் கடந்தால் அவ்வோட்டுநரை விலக்கும் விதி பல லீக்குகளில் உண்டு. அது கொடிதாகத் தோன்றினும் நீதியானதே.

இனி முடக்கு யாருடையது என்னும் பெருவினாவுக்கு வருவோம். விசாரணைக்கு வரும் வழக்குகளில் மிகப் பல இதனடியாகப் பிறப்பன. ஒருவன் முன்னே செல்ல, மற்றவன் உட்பக்கமாக முந்த முயல்கின்றான். முன்செல்பவன் சுக்கானைத் திருப்பத் தொடங்கும் அக்கணத்தில், முந்துபவன் போதிய அளவு பக்கத்தில் வந்துவிட்டானா என்பதே கேள்வி. எதிராளியின் காரின் நடுப்பகுதி வரையேனும் தன் காரின் முன்பாகம் எட்டியிருக்க வேண்டும் எனச் சில லீக்குகள் வகுத்துள்ளன. முன்சில்லு எதிராளியின் பக்கக் கண்ணாடியை அடைந்திருக்க வேண்டும் என்பன வேறு சில. எவ்வளவாயினும், அவ்வளவு வந்துவிட்டவனுக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டே மற்றவன் திரும்பவேண்டும். வராதவன் பிறேக்கைப் பிடித்துப் பின்வாங்கவேண்டும். திரும்பத் தொடங்கியபின் எங்கிருந்தோ பாய்ந்து வந்து, இடைவெளி இருந்ததே எனச் சொல்வது செல்லாது. அவ்விடைவெளி அவனுக்காக விடப்பட்டதன்று. முடக்கினுள் நுழைவதற்காக முன்செல்பவன் வெளிப்பக்கம் ஒதுங்கியதால் உண்டானது.

இவ்விடயத்தில் மெய்ந்நிகர் ஓட்டுநனுக்கு ஒரு குறைபாடும் உண்டு. ஒற்றைத் திரையில் ஓட்டுபவனுக்குத் தன் தோளருகே வருவது தெரியாது. கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதாற் பயனில்லை. இடப்புறம் கார், வலப்புறம் கார் என்று காதில் உரைக்கும் செயற்கைக் குரலொன்றைச் சில நிரல்கள் அமைத்துத் தந்துள்ளன. அதனை நிறுத்திவைத்து ஓட்டுவோர், பார்க்கவில்லையே எனப் பின்னர் முறையிடுவதை எந்த மத்தியஸ்தரும் ஏற்பாரல்லர்.

தன் இடத்தைக் காத்தலும் ஓட்டுநரின் உரிமையே. எனினும் நேர்த்தடத்தில் ஒருமுறையே ஒரு பக்கம் ஒதுங்கித் தடுக்கலாம்; மீண்டும் மறுபக்கம் பாய்தல் ஆகாது. முடக்கை அண்மித்து மீண்டும் பந்தயக்கோட்டுக்குத் திரும்புபவன் ஒரு கார் அகலத்தை விட்டே திரும்பவேண்டும். இவை சர்வதேச மோட்டார்ச் சம்மேளனத்தின் விதிகளினின்றும் எடுக்கப்பட்டவை. பின்வருபவனை அச்சுறுத்த முடக்கல்லாத இடத்திற் பிறேக்கை மிதிப்பது குற்றங்களுள் தலையாயது. முன் சொன்ன ஊகக் கணிப்பை நினைவிற் கொண்டால், இங்கு அது இருமடங்கு கொடிதாவது விளங்கும். பின்வருபவனின் திரையில் அச்செயல் தோன்றுமுன்பே மோதல் முடிந்திருக்கும்.

முதற் சுற்றைத் தனியே எடுத்துரைத்தல் வேண்டும். ரயர்கள் குளிர்ந்து பிடிப்பின்றி இருக்கும். இருபது கார்களும் நெருங்கி வரும். முன்வரிசையார் 100 மீற்றர் பலகையருகே பிறேக் பிடிப்பாராயின், அதே பலகையில் பிடிக்கலாம் எனப் பத்தாம் இடத்தவன் எண்ணுவானாகில் அவன் முன்னவனின் முதுகிலேதான் நிற்பான். ஏனெனில் முன்னாலுள்ளோர் ஒவ்வொருவரும் தமக்கு முன்னவர்க்காகச் சிறிது சிறிதாக முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவர். பின்வரிசைக்கு வரவர அக்குறைப்பு பெருகும். தனியே பயிலும்போது கற்ற பிறேக் அடையாளங்களை முதற் சுற்றில் மறந்துவிடுதலே தக்கது.

கொடிகளுள் மஞ்சட்கொடி எளிது: முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. நீலக்கொடியோ பலரை மயக்குவது. தன்னை ஒரு சுற்று முந்தப்போகும் கார் பின்னே வருகின்றது என்பதை அது அறிவிக்கும். போர்முலா 1 பந்தயத்தில் நீலக்கொடி கண்டவன் முதல் வாய்ப்பிலேயே வழிவிட வேண்டும். விடாவிட்டால் தண்டனை உண்டு. ஐறேசிங் சேவையிலோ அது வெறும் அறிவித்தலே. பின்னவன் தன் கோட்டிலே நேர்மையாகச் செல்லவேண்டும், பாதுகாப்பாக முந்தும் பொறுப்பு வேகமானவனுடையது. இரண்டில் எது தம் லீக்கின் வழக்கு என்பதைத் தெளிவாக எழுதிவைக்காத கழகம் வீண் வழக்குகளைத் தானே விதைக்கின்றது. எவ்வழக்காயினும், மரியாதை செய்வதாக எண்ணி முடக்கின் நடுவே திடீரென ஒதுங்கும் நல்லவரால் விளையும் சேதம், பிடிவாதமாக வழிவிடாதவரால் விளைவதினும் மிகுதி. நேர்த்தடம் வரும்வரை பொறுத்து, ஒரு பக்கம் நிலையாக நின்று, வேகத்தைச் சிறிது தளர்த்தினாற் போதும்.

கார் சுழன்று நின்றுவிட்டால் செய்யவேண்டியது ஒன்றே: பிறேக்கை இறுக மிதித்துக்கொண்டு அசையாது நில். நிற்கும் காரை வருபவர் கண்டு விலகுவர். எப்பக்கம் உருளும் என்று தெரியாத காரை யாராலும் விலகிச் செல்ல முடியாது. புல்வெளிக்குச் சென்றவன் மீளும்போது, தடத்துக்கு இணையாக ஓரமாகச் சென்று, வருவோர் இல்லாத வேளை பார்த்து உட்புகவேண்டும். குறுக்கே நுழைதலைப் போல மத்தியஸ்தரைச் சினங்கொள்ளச் செய்வது வேறில்லை.

இனிக் குற்றத்தை அளக்கும் முறை. ஐறேசிங் சேவையில் இயந்திரமே தவறுகளுக்குப் புள்ளியிடுகின்றது. தார்த் தடங்களில், தடத்தை விட்டு வெளியேறினால் 1. கட்டுப்பாட்டை இழந்தால் 2. மற்றொரு காரைப் பலமாக மோதினால் 4. எத்தனை முடக்குகளுக்கு எத்தனை தவறு என்ற விகிதத்தால் 0.00 முதல் 4.99 வரை பாதுகாப்பு மதிப்பீடு அமைகின்றது. அதனைப் பொறுத்தே ஓட்டுநர் உரிமம் தொடக்க நிலையினின்று டீ, சீ, பீ, ஏ எனப் படிப்படியாக உயரும், தாழும். இதில் வியக்கத்தக்கது யாதெனில், மோதலில் யார் பிழை என்பதை இயந்திரம் ஆராய்வதேயில்லை. மோதியவனுக்கும் 4, மோதப்பட்டவனுக்கும் 4. இது அநீதி என்று புதியோர் கூச்சலிடுவர். ஆயினும் அதிற் பொருளுண்டு. குற்றமற்றவனுக்கும் புள்ளி விழும் என்றால், தன் உரிமையை நிலைநாட்டி மோதலை ஏற்பதினும் சிறிது ஒதுங்கி உயிர்தப்புவதே இலாபம் என அவன் கற்றுக்கொள்வான். நூற்றுக்கணக்கான முடக்குகளின் பின் அவரவர் இயல்பு எண்ணிக்கையில் வெளிப்பட்டே தீரும்.

ஒரு பந்தயத்தின் நீதிக்கு அது போதாது. ஆகவே லீக்குகள் மனித மத்தியஸ்தரை நியமிக்கின்றன. முறைப்பாடு செய்பவன் பந்தயம் முடிந்து 24 அல்லது 48 மணித்தியாலத்துள், எச்சுற்று, எம்முடக்கு, மீள்காட்சியில் எந்நேரம் என்பவற்றைக் குறித்து எழுத்தில் அனுப்புதல் வழக்கம். மத்தியஸ்தர் இருவரின் ஆசனத்திலிருந்தும், வானிலிருந்தும், தடத்தோரத்திலிருந்தும் காட்சியைப் பலமுறை பார்த்துத் தீர்ப்பளிப்பர். 5 செக்கன், 10 செக்கன் கூட்டுதல், அடுத்த பந்தயத்திற் கடைசியாகப் புறப்படச் செய்தல், ஒரு பந்தயம் விலக்குதல் எனத் தண்டனை ஏறிச்செல்லும். உண்மைப் பந்தயத்தில் 1997ஆம் ஆண்டு ஹெரெஸ் தடத்தில் ஜாக் வில்நெவ் என்பவரை மோதிய மைக்கேல் சூமாக்கர், அவ்வாண்டுப் பட்டியலில் பெற்ற இரண்டாம் இடத்தையே இழந்தார்.

மத்தியஸ்தரைத் தெரிவதிலேதான் சிறு லீக்குகள் இடர்ப்படுகின்றன. அவரும் அதே பந்தயத்தில் ஓடுபவர். குற்றஞ் சாட்டப்பட்டவர் அவருடைய நண்பர். சம்பந்தப்பட்டவர் விலகியிருக்க, குறைந்தது மூவர் கூடித் தீர்ப்பளித்தலும், காரணத்தை இரண்டு வரியிலேனும் எழுதி எல்லோரும் காண வைத்தலும் நன்று. தண்டனை பெற்றவன் ஒருமுறை மேன்முறையீடு செய்யலாம். புதிய சான்று இருந்தால் மாத்திரம்.

முறைப்பாடு எழுதும் நிலைக்குப் போகாமலே தீரும் வழக்குகளும் உண்டு. தன் பிழையாற் பிறனைத் தள்ளிவிட்டவன், அடுத்த நேர்த்தடத்தில் வேகத்தைத் தளர்த்தி, அவன் வந்து தன்னைக் கடக்கும்வரை காத்திருந்து பின்தொடர்தல் இவ்விளையாட்டின் அழகிய வழக்கங்களுள் ஒன்று. பல மத்தியஸ்தர் அதனைத் தண்டனைக்கு ஈடாகவே கொள்வர்.

நாவடக்கத்தைக் குறித்தும் சில சொல்லவேண்டும். ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் பேசக் குரல்வழி உண்டு. தகுதிச் சுற்றிலும் பந்தயத்திலும் இன்றியமையாத எச்சரிக்கையன்றி வேறெதுவும் பேசலாகாது என்பது பொதுவிதி. கொறோனாத் தொற்றால் மைதானங்கள் மூடப்பட்ட 2020ஆம் ஆண்டில் தொழின்முறை ஓட்டுநர் பலர் மெய்ந்நிகர்ப் பந்தயத்துக்கு வந்தனர். ஏப்பிரல் 5ஆந் திகதி பிறிஸ்ரல் தடத்தின் மெய்ந்நிகர்ப் பந்தயத்தில் மோதல் ஒன்றின் பின் கோபத்தோடு விலகிச் சென்ற பபா வொலஸ் அதனாலேயே ஓர் அனுசரணையாளரை இழந்தார். ஒரு கிழமை கழிந்து, தனி வழியிற் பேசுவதாக எண்ணி எல்லோரும் கேட்க இனவசைச் சொல்லொன்றைக் கூறிய கைல் லார்சனை நாஸ்கார் அமைப்பு இடைநிறுத்தியது. அவருடைய அணி அவரை வேலையினின்றும் நீக்கியது. விளையாட்டுக் கணினியிலே சொன்னது தானே என்ற வாதம் எங்கும் எடுபடவில்லை. அவர் பின்னர் மீண்டு 2021இல் நாஸ்கார் வெற்றியாளரானார் என்பதையும் சொல்லிவிடுதல் முறை.

ஆள்மாறாட்டமும் அதே ஆண்டில் வெளிப்பட்டது. போர்முலா ஈ நடத்திய மெய்ந்நிகர்த் தொடரில், மே 23இல், டானியேல் அப்ற் என்னும் ஓட்டுநர் தமக்குப் பதிலாக மெய்ந்நிகர்ப் பந்தயத்தில் வல்ல இளைஞர் ஒருவரை ஓட்டவிட்டார். மூன்றாமிடமும் கிடைத்தது. ஆனால் ஏனையோர் ஐயுற, கணினியின் இணைய முகவரி காட்டிக்கொடுத்தது. முடிவு நீக்கப்பட்டது, 10,000 யூரோ தருமத்துக்குச் செலுத்தப் பணிக்கப்பட்டது, அவுடி நிறுவனம் அவரைத் தன் அணியினின்று விலக்கியது. வேடிக்கைக்காகச் செய்ததாக அவர் கூறினார். ஒரு பெயரில் ஒருவரே ஓடுவது என்ற விதியை லீக்குகள் முதற்பக்கத்திலேயே எழுதுவது இத்தகைய வேடிக்கைகளை எண்ணியே.

புதிதாக ஒரு லீக்கிற் சேர விரும்புவோர் விதிப்பத்திரத்தை முழுதும் படித்தபின், குறித்த தடத்தில் பந்தயத் தூரம் முழுவதையும் தவறின்றித் தனியே ஒருமுறையேனும் ஓடிப் பார்த்தல் வேண்டும்; ஒரு சுற்றின் வேகத்தைக் கூட்டும் முயற்சியெல்லாம் அதற்குப் பின்னரே. முதல் இரண்டு மூன்று பந்தயங்களிற் பின்வரிசையிற் புறப்பட்டு ஏனையோரின் பழக்கங்களை அறிந்துகொள்ளலாம். புறப்படுவதற்குக் கால் மணித்தியாலம் முன்னதாக வந்து, சுக்கானும் மிதிகளும் செவ்வனே இயங்குகின்றனவா எனப் பார்த்துவிட வேண்டும். வர இயலாத நாளில் முன்கூட்டியே ஒருவரி எழுதி அறிவித்தால், அவ்விடத்தைக் காத்திருப்போர் பட்டியலிலுள்ள ஒருவருக்கு அன்றிரவே கொடுக்க முடியும்.